ஜீப்பு கொதிக்குதா? எப்போ கொதிக்குதுன்னு முதல்ல பாருங்க

"வண்டி ஹீட் ஆகுது" என்பது ஒரு புகார்தான். நோயின் பெயர் இல்லை. "உங்க சாஃப்ட்வேர் ரொம்ப ஸ்லோவா இருக்கு" என்று வாடிக்கையாளர் போன் பண்ணிச் சொல்றாரே, அதே மாதிரி. டேட்டாபேஸா, நெட்வொர்க்கா, அவர் லேப்டாப்பா என்று தெரியாமலே புது சர்வர் வாங்கிப் போட்டால் என்ன ஆகும்? சில சமயம் தற்செயலாகச் சரியாகும். பல சமயம் காசுதான் போகும்.

பழைய ஜீப்புகளில் இது அடிக்கடி நடக்கிறது. ஹீட் ஆகுதுன்னா முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிவார்கள். பிறகு வாட்டர் பம்ப் மாறும், ஃபேன் மாறும், ரேடியேட்டர் மாறும். கடைசியாக "என்ஜினை இறக்கிடலாங்க" என்ற இடத்தில் வந்து நிற்கும். கொல்லிமலை அடிவாரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் அந்தக் கடைசி இடத்தில்தான் இருந்தார். 1990களின் டீசல் ஜீப், 2 லிட்டர் சொச்சம் என்ஜின். மேலே போய் மிளகு, வாழைத்தார், பலா ஏற்றி வருவதுதான் பிழைப்பு. காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஐம்பதைத் தாண்டினால் ரேடியேட்டர் மூடி வழியாகத் தண்ணி கக்கும். ஓரம் கட்டி அரை மணி நேரம் நிற்க வேண்டும். என்ஜின் வேலைக்கு 85,000 ரூபாய், மூணு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். மூணு வாரம் வண்டி ஓடலைன்னா வருமானமும் கிடையாது.

அந்த வண்டியை முன்னால் வைத்துக்கொண்டு, சூட்டுக் கோளாறை எப்படிப் படிப்படியாகக் கண்டுபிடிப்பது என்பதை எழுதுகிறேன். மெக்கானிக் வேலை தெரியாதவர்களும் இதில் முக்கால்வாசியைச் செய்யலாம்.

சூட்டின் வரவு செலவு

ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்கலாம். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கு. அதில் சுமாராக மூணுல ஒரு பங்கு சக்கரத்தைச் சுற்றப் போகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் போகிறது. மீதி ஒரு பங்கு என்ஜின் தண்ணீரில் இறங்குகிறது. இது தோராயம்தான், ஆனால் நம்ம வேலைக்குப் போதும்.

லோடோடு மலை ஏறும்போது இந்த என்ஜின் மணிக்கு 10 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 360 மெகாஜூலை 3600 நொடியால் வகுத்தால் 100 கிலோவாட். அதில் மூணுல ஒரு பங்கு, அதாவது 33 கிலோவாட், தண்ணீர் வழியாக ரேடியேட்டருக்குப் போய்க் காற்றில் கரைய வேண்டும். வீட்டில் தண்ணி காய வைக்கிற 2 கிலோவாட் கீசர் பதினாறு ஒரே நேரத்தில் ஓடினால் வரும் சூடு அது!

இந்தச் சூட்டைத் தண்ணீர் எப்படிச் சுமக்கிறது? ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 கிலோஜூல் வேணும். பம்ப் நிமிடத்துக்கு 60 லிட்டர் தள்ளினால் நொடிக்கு ஒரு கிலோ. 33-ஐ 4.18-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8. அதாவது ரேடியேட்டருக்குள் மேலே நுழையும் தண்ணீருக்கும் கீழே வெளியேறும் தண்ணீருக்கும் 8 டிகிரி வித்தியாசம் இருக்கணும். இந்த 8-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

இந்தக் கணக்குப்படி கோளாறு நாலு இடத்தில் இருக்கலாம்: தண்ணி சரியாக ஓடவில்லை, காற்று சரியாக ஓடவில்லை, என்ஜின் வழக்கத்தைவிட அதிகச் சூட்டை உண்டாக்குகிறது, அல்லது ஒண்ணுமே இல்லை, முள் பொய் சொல்கிறது.

எப்போ சூடாகுது?

ஸ்பேனரைத் தொடும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. காசு செலவில்லாத டெஸ்ட்.

நின்றபடி ஓடும்போது, டவுன் நெரிசலில் சூடாகி, ரோட்டில் வேகம் எடுத்தால் இறங்குகிறதா? காற்றுப் பக்கம் பாருங்கள். ஃபேன் பெல்ட் தளர்ச்சி, ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய தகரக் கூடு இல்லாமை, தலைகீழாக மாட்டிய ஃபேன் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

டவுனில் நல்லா இருந்து, நேர் ரோட்டில் வேகமாகப் போனால் சூடாகிறதா? அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. தண்ணி ஓட்டத்தில் அடைப்பு இருக்கும். அல்லது என்ஜின் வேக வேகமாக இழுக்கும்போது கீழ் ஹோஸ் உள்வாங்கிச் சப்பிப் போகும். பம்ப் உறிஞ்சும் பக்கம் அதுதான். அதனால்தான் சில வண்டிகளில் அந்த ஹோஸுக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கும்.

மெதுவாக, லோடோடு ஏறும்போது மட்டும் சூடாகிறதா? இதுதான் ஜீப்புகளின் வழக்கமான புகார். இருப்பதிலேயே கடினமான நிலைமையும் இதுதான். சூடு உச்சத்தில் வருது, வண்டி வேகம் கம்மி, எதிர்க்காற்றும் கம்மி. எந்தச் சின்னக் குறையும் இங்கேதான் வெளியே வரும்.

நம்ம அண்ணன் வண்டி மூணாவது ரகம். ஆனால் அவர் பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார்: "கீழ ஓட்டறப்ப முள்ளு எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க தம்பி." சமவெளியில் தேவைக்குக் கீழே குளிர்ச்சி, மலையில் கொதிப்பு. இதை ஓரமாகக் குறித்துக்கொண்டேன்.

முள் பொய் சொல்லுதா?

டாஷ்போர்டு முள்ளுக்குச் சூட்டைப் பற்றித் தெரியாது. என்ஜினில் திருகியிருக்கும் சென்டரின் மின்தடை, சூடு ஏற ஏறக் குறையும். முள் காட்டுவது அந்த மாற்றத்தைத்தான். சென்டர் ஒயர் பாடியில் உரசி எர்த் ஆகிவிட்டால், குளிர்ந்த என்ஜினிலும் முள் உச்சத்துக்குப் போய்விடும். ஹெட்லைட் போட்டதும் முள் நகர்ந்தால் எர்த் கோளாறு. டெம்பரேச்சர் முள்ளும் டீசல் முள்ளும் சேர்ந்து ஏறி நின்றால், மீட்டருக்குப் போகும் வோல்டேஜைப் பாருங்கள்.

தெர்மோஸ்டாட் ஹவுசிங் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, அதன் மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினால் உண்மை தெரிந்துவிடும். டேப் ஏன் என்றால், பளபளப்பான உலோகத்தில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும். இந்த வண்டியில் முள் 5, 6 டிகிரி கூட்டிக் காட்டியது. ஆனால் மூடி வழியாகத் தண்ணி வருதே, அது பொய் இல்லை. அடுத்த படிக்குப் போனோம்.

85,000 ரூபாய்க் கேள்வி

ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் சிலிண்டர் உள்ளே எரியும் வாயு தண்ணீருக்குள் புகுந்துவிடும். அப்படியானால் ரேடியேட்டரை எவ்வளவு சுத்தம் பண்ணியும் பிரயோஜனம் இல்லை. அதனால் இதை முதலிலேயே சோதித்துக் கழித்துவிட வேண்டும்.

ராத்திரி முழுக்க ஆறிய என்ஜின். காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிடம் பாருங்கள். தொடர்ந்து குமிழி வந்தால் சந்தேகம். மூடி போட்டு ஸ்டார்ட் பண்ணினால், தண்ணி சூடாகும் முன்னாடியே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினால் சந்தேகம் வலுக்கும். ஆயிலில் மோர் கலர் கலங்கல், விடாத வெள்ளைப் புகை, கசிவே இல்லாமல் தண்ணி குறைவது எல்லாம் கூடுதல் சாட்சி.

உறுதி செய்ய ஒரு நீலத் திரவ டெஸ்ட் இருக்கு. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, மேலே நிற்கும் காற்றை அந்தத் திரவத்தின் வழியாக உறிஞ்சுவார்கள். எரிந்த வாயுவில் கார்பன் டை ஆக்சைடு இருக்கும். அது கரைந்து லேசான அமிலமாகி, நீலத்தைப் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாற்றும். ஸ்கூல் லேபில் பார்த்த புரோமோதைமால் புளூ தான்.

அண்ணன் வண்டியில் குமிழி இல்லை, ஹோஸ் இறுகவில்லை, நீலம் நீலமாகவே இருந்தது. ஒருமுறைக்கு ரெண்டுமுறை பார்த்தோம். என்ஜினை இறக்க வேண்டிய அவசியம் இந்த இடத்திலேயே போய்விட்டது. சக்கர ஹப்களையும் தொட்டுப் பார்த்தோம். பிரேக் ஒட்டிப் பிடித்தால் அதுவும் என்ஜினுக்குக் கூடுதல் லோடு. நாலும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு. ஏர் ஃபில்டரும் சுத்தம்.

ரெண்டு எண்கள்

இனி முக்கியமான அளவை. ரெண்டு சேனல் தெர்மோகப்பிள் மீட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. ரேடியேட்டரின் மேல் வாயில் ஒரு முனை, கீழ் வாயில் ஒரு முனை. ரெண்டையும் டேப்பால் ஒட்டி, மேலே ஸ்பாஞ்ச் வைத்துக் கட்டி, ஒயரை உள்ளே இழுத்துவிட்டோம். அண்ணன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். எப்போதும் அதே லோடு, அதே கியர், காலை அதே நேரம், அதே 40-வது வளைவு.

இந்த ரெண்டு எண்களை எப்படிப் படிப்பது? வித்தியாசம் 8-ஐவிட ரொம்ப அதிகம் என்றால் தண்ணி மெதுவாக ஓடுகிறது. கொஞ்சம் தண்ணிதான் போகிறது, அது உள்ளே ரொம்ப நேரம் இருந்து நல்லா ஆறுகிறது, ஆனால் மொத்தச் சூட்டையும் சுமக்க அது போதவில்லை. வித்தியாசம் சரியாக இருந்து ரெண்டு எண்ணுமே உயரத்தில் இருந்தால் தண்ணி ஓட்டம் நல்லா இருக்கு, காற்றுப் பக்கம்தான் குறை.

முதல் ஏற்றத்தில் மேலே 101, கீழே 78. வித்தியாசம் 23!

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 லிட்டர்தான் ரேடியேட்டர் வழியாக ஓடுகிறது. மீதித் தண்ணி எங்கே?

உப்புத் தண்ணியின் வேலை

வண்டியை நிறுத்தி, என்ஜின் ஓடும்போதே, ஃபேனுக்கு எட்டாமல் முன்பக்கமாக நின்று, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டர் முழுக்க இடமிருந்து வலமாக ஓட்டினோம். இந்த மாதிரி பழைய ரேடியேட்டரில் தண்ணி மேல் தொட்டியிலிருந்து கீழ் தொட்டிக்கு நேராக இறங்கும். அதனால் அடைத்த குழாய்கள் செங்குத்தான குளிர்ப் பட்டைகளாகத் தெரியும். இடது ஓரம் முழுக்க 45 டிகிரி, நடுவில் 80.

ரேடியேட்டர் கடையில் மேல் தொட்டியைப் பற்றவைப்பு நீக்கித் திறந்தபோது மூணுல ஒரு பங்கு குழாய் முழுசாக அடைத்திருந்தது. மற்றதிலும் வெள்ளையும் துருவுமாகப் படிவு. காரணம், வருஷக்கணக்கில் ஊற்றிய போர் தண்ணி. கால்சியம் கார்பனேட் கொஞ்சம் விசித்திரமான சரக்கு. சர்க்கரை சூடான தண்ணியில் நல்லா கரையும். இதுவோ சூடு ஏற ஏறக் கரைய மாட்டேன் என்று பிரிந்து வந்து படியும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைதான். அதனால் என்ஜினுக்குள் எந்த இடம் அதிகச் சூடோ, சிலிண்டரைச் சுற்றி, அங்கேதான் முதலில் ஒட்டும். வார்ப்பிரும்போடு ஒப்பிட்டால் அந்தப் படிவு சூட்டைக் கடத்துவதில் ஏறக்குறைய 20 மடங்கு மோசம்.

சிட்ரிக் ஆசிட் ஊற்றிக் கழுவினால் போதாதா என்று கேட்கலாம். பாதி அடைத்த குழாய்க்கு அது நல்ல வைத்தியம். முழுசா அடைத்த குழாய்க்குள் ஆசிட்டே போகாது. அதற்குத் தொட்டியைத் திறந்து, ஒவ்வொரு குழாயிலும் தகட்டுக் கம்பி விட்டுக் குத்தித்தான் எடுக்கணும். அதைச் செய்தார்கள்.

ரெண்டாவது ஏற்றம்: மேலே 95, கீழே 84. வித்தியாசம் 11.

காணாமல் போன தெர்மோஸ்டாட்

நல்ல முன்னேற்றம். ஆனால் சமவெளியில் முள் எழும்பாத விஷயம் அப்படியே இருந்தது. ஹவுசிங்கைத் திறந்தால் தெர்மோஸ்டாட் இல்லை. யாரோ எப்போதோ கழட்டிவிட்டார்கள். "அது இருந்தா தண்ணிய மறிக்குமுங்க" என்பது மலை ரோட்டில் எல்லாரும் நம்பும் விஷயம்.

தெர்மோஸ்டாட்டுக்கு ரெண்டு வேலை. என்ஜின் குளிர்ச்சியாக இருக்கும்போது ரேடியேட்டர் பக்கம் கதவை மூடி, பைபாஸ் வழியாகத் தண்ணியை என்ஜினுக்குள்ளேயே சுற்ற விடும். சூடு ஏறியதும், இந்த வண்டிக்கு 82 டிகிரி, உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிந்து ரேடியேட்டர் கதவைத் திறக்கும். இந்த மாதிரி என்ஜின்களில் அதே அசைவில் கீழ்த்தட்டு போய் பைபாஸை அடைக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழட்டினால் முதல் கதவு எப்போதும் திறந்திருக்கும், அது சரி. ஆனால் பைபாஸும் எப்போதும் திறந்தே இருக்கும். தண்ணியில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சூட்டோடு என்ஜினுக்குள் திரும்பிவிடும். சமவெளியில் குளிர்ச்சி, மலையில் கொதிப்பு என்ற புதிருக்கு விடை இதுதான்.

இதோடு சேர்ந்த இன்னொரு நம்பிக்கை: "தெர்மோஸ்டாட் இல்லைன்னா தண்ணி ரேடியேட்டர்ல ஆறுறதுக்கு டைம் இல்லாம வேகமா ஓடிடும்." இது தப்பு. வேகமாக ஓடும் தண்ணி ரேடியேட்டரில் இருக்கும் நேரம் குறைவுதான், ஆனால் அடிக்கடி திரும்பி வரும். ஓட்டம் கூடினால் ரேடியேட்டர் முழுவதும் சூடாகவே இருக்கும், காற்றுக்கு அதிகச் சூட்டைக் கொடுக்கும். கழட்டுவது கெடுதல் என்ற முடிவு சரி, சொல்லும் காரணம்தான் தப்பு.

புதுத் தெர்மோஸ்டாட்டை மாட்டும் முன் பாத்திரத்துத் தண்ணியில் போட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வைத்துப் பார்த்தோம். 82-ல் திறக்க ஆரம்பித்து 95-க்குள் முழுசாகத் திறந்தது. மூணாவது ஏற்றம்: மேலே 91, கீழே 82. வித்தியாசம் 9. சமவெளியில் முள் நடுவில் வந்து நின்றது.

தகரக் கூடும் மூடியும்

இப்போது வித்தியாசம் கணக்கோடு ஒத்துப்போகிறது. தண்ணிப் பக்கம் முடிந்தது. இனி காற்று. பழைய ரிப்பேர் ஒன்றில் ஃபேனைச் சுற்றியிருந்த கூட்டைக் கழட்டியவர்கள் திரும்ப மாட்டவில்லை. கூடு இல்லாத ஃபேன், தனக்கு நேர் எதிரே இருக்கும் வட்டத்தில் மட்டும்தான் காற்றை இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும். போதாததுக்கு என்ஜின் பக்கத்துச் சூட்டுக் காற்றையே ஓரமாகச் சுற்றி மறுபடி இழுக்கும். தகரக் கடையில் அளவு கொடுத்து ஒரு கூடு செய்தோம். கிரில்லுக்கு முன்னால் கட்டியிருந்த ரெண்டு பெரிய லைட்டையும் ஓரம் மாற்றினோம். ரேடியேட்டர் இதழ்களில் புல் விதையும் சேறும் அப்பியிருந்ததை என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெல்லத் தண்ணி அடித்துக் கழுவினோம். பிரஷர் வாஷரைக் கிட்டே வைத்து அடித்தால் இதழ்கள் படுத்துவிடும், ஜாக்கிரதை.

நாலாவது ஏற்றம்: மேலே 88, கீழே 79. வித்தியாசம் அதே 9, ஆனால் ரெண்டு எண்ணும் 3 டிகிரி இறங்கியிருக்கு. காற்று சரியானதன் அடையாளம் இது.

மூடியைப் பற்றியும் சொல்லணும். அது வெறும் மூடி கிடையாது, ஸ்பிரிங் வால்வு. 7 பவுண்டு அழுத்தம் பிடித்தால், கடல் மட்டத்தில் தண்ணி 111 டிகிரி வரை கொதிக்காது. மூடி கசிந்தால் இந்தப் பாதுகாப்பு போச்சு. மலையில் இன்னும் மோசம். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் கொதிநிலை ஏறக்குறைய 1 டிகிரி குறையும். 1200 மீட்டரில் திறந்த தண்ணி 96-லேயே கொதித்துவிடும். அண்ணன் வண்டி மூடி 3 பவுண்டுதான் பிடித்தது. மாற்றினோம்.

மொத்தச் செலவு, ரேடியேட்டர் வேலை, தெர்மோஸ்டாட், மூடி, தகரக் கூடு, கூலன்ட் எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய்க்குள்.

ஓட்டுபவர் கையில் இருப்பது

பம்பையும் ஃபேனையும் சுற்றுவது என்ஜின் வேகம்தான். மூணாவது கியரில் திணறித் திணறி ஏறினால் சூடு உச்சத்தில் இருக்கும், பம்பும் ஃபேனும் சோம்பலாகச் சுற்றும். ரெண்டாவதுக்கு இறக்கினால் அதே ரோட்டு வேகத்தில் ரெண்டும் வேகம் எடுக்கும். மண் பாதையில் லோ ரேஞ்ச் இன்னும் நல்லது. ஆனால் தார் ரோட்டுக் கொண்டை ஊசி வளைவில் நாலு சக்கர இழுப்பு வேண்டாம். முன் பின் அச்சுகள் வெவ்வேறு தூரம் சுற்ற வேண்டிய இடத்தில் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும்.

கொதித்துவிட்டால் லோடு இல்லாமல் நிறுத்தி ஐடிலில் கொஞ்சம் விடுங்கள். தண்ணியையே கக்கிக் காலி செய்துவிட்டது என்றால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள். சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தம் விடுபட்ட நொடியில் உள்ளே இருப்பது ஆவியாகப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். ஓடைத் தண்ணியைக் கொதிக்கிற என்ஜினில் ஊற்றுவதும் வேண்டாம், ஹெட் விரிசல் விடும். அப்போதுதான் நிஜமாகவே 85,000 ரூபாய் வேலை வரும்.

கூலன்ட் எதுக்கு, நம்ம ஊர்ல தண்ணி உறையவா போகுது என்பார்கள். நமக்கு அதில் வேண்டியது துருத் தடுப்பு மருந்து. சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணிதான் உண்மையில் கெட்டி, ஆனால் அது துருவையும் கூட்டி வரும். கூலன்ட்டோடு கலக்க பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். போர் தண்ணி வேண்டவே வேண்டாம். பழைய கூலன்ட்டைத் தரையில் ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், நாயோ ஆடோ குடித்தால் சிறுநீரகம் போய்விடும்.

வரிசை

1. எப்போ சூடாகுது, நின்னா, ஓடினா, ஏறினா என்று எழுதுங்கள்.
2. முள் சரியா என்று வேறு தெர்மாமீட்டரால் பாருங்கள்.
3. ஆறின என்ஜினில் ஹெட் கேஸ்கெட்டைச் சோதியுங்கள்.
4. மூடி, பெல்ட், ஹோஸ், தண்ணி அளவு பாருங்கள்.
5. லோடில் மேல், கீழ் வெப்பநிலைகளை எடுங்கள். வித்தியாசம் அதிகம் என்றால் தண்ணிப் பக்கம், ரெண்டுமே உயரம் என்றால் காற்றுப் பக்கம்.
6. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, அதே ரோட்டில் மறுபடி அளங்கள்.

ஆறாவதுதான் ரொம்பக் கஷ்டம். எல்லாத்தையும் ஒரே நாளில் மாற்றிவிடக் கை துறுதுறுக்கும். மாற்றினால் வண்டி சரியாகலாம், ஆனால் எது சரி பண்ணியது என்று தெரியாது. அடுத்த வருஷம் திரும்ப முள் ஏறும்போது, எங்கே பார்ப்பது என்ற கேள்வி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அண்ணன் இப்போது அந்த நாலு ஜோடி எண்களை டாஷ்போர்டு உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறார்.